முன் சீட்டில் இருக்கிறவர்

என் அண்ணியின் காரில் புதிதாக ஏறுகிற யாரும் முதலில் கேட்பது, "முன்னாடி உக்காந்திருக்கிறது யாரு?" என்றுதான். நான்கு பேர் போகிற வண்டியில் மூன்று பேரைப் பின்னால் நெருக்கி அடைத்துவிட்டு, முன் சீட்டில் ஒரு மனிதர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தால் கேட்கத்தானே செய்வார்கள். அண்ணி கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே, "அது வண்டியோட பார்ட்டுங்க. கழட்ட முடியாது" என்பார். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். முகத்தைச் சுளிக்கிறவர்கள் அடுத்த முறை வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்தப் பார்ட்டு என் அண்ணன்.

நான் அதே வீட்டின் மாடியில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குச் சீருடை தைப்பது என் பிழைப்பு. வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவேன் என்பதால் வந்த பெயர். அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. "ஒரு ஆளோட வாடகையைத் தினமும் தூக்கிப் போட்டுட்டுப் போறீங்களே அண்ணி, அண்ணன் வீட்டுல இருந்தா என்ன?" என்று ஆரம்பத்தில் நானும்தான் கேட்டேன். அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்படிக் கிளம்பினால், கேட்டவர்தான் யோசிக்க வேண்டும் என்று அர்த்தம்.

அண்ணன் வாடகைக் கார் ஓட்டியே வாழ்ந்தவர். அந்தக் காரைத் தொட வீட்டில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. கதவைக் கொஞ்சம் ஓங்கிச் சாத்திவிட்டால் போதும், "மெதுவா சாத்து! அதென்ன உன் மாமியார் வீட்டுக் கதவா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவார். அண்ணியை அப்படித் திட்டும்போது அந்த மாமியார், அதாவது அப்போது உயிரோடு இருந்த எங்கள் அம்மா, பல நேரம் பின் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

வண்டியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் என்றோ செத்துப்போயிருந்தது. அண்ணன் அதைச் சரி செய்யவில்லை. "காது இருக்கு, முள் எதுக்கு?" என்பார். சூடு ஏறினால் இன்ஜினின் குரல் மாறுமாம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவருக்குத் தெரியும். ரேடியேட்டருக்குக் காற்று அடிக்கிற ஃபேன் தானாகச் சுற்ற வேண்டியது. அது மக்கர் செய்தபோது, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நேராக இழுத்து, வீட்டு விளக்குக்குப் போடுகிற மாதிரி ஒரு சுவிட்சை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டார். குரல் மாறினால் சுவிட்சைப் போடுவார். குரல் தெளிந்தால் அணைப்பார். அந்த வண்டியை அவரைத் தவிர வேறு யாராலும் ஓட்ட முடியாது என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

பிறகு ஒரு நாள் பக்கவாதம் வந்து குளியலறையில் விழுந்தார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அவரிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். அதான். சாப்பாடு வேண்டும் என்றாலும் அதான், வேண்டாம் என்றாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். வாய் ஓயாமல் பேசிய மனிதர், தான் சொல்ல நினைத்தது எங்களுக்குப் புரியாமல் நாங்கள் விழிப்பதைப் பார்த்துப் பார்த்து, அந்தச் சொல்லையும் விட்டுவிட்டார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். ஊட்டினால் வாயைத் திறப்பார். உடம்பைத் துடைத்துவிட்டால் துடைக்க விடுவார். வேறு ஒன்றும் இல்லை. அந்த முதுகைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

அண்ணி அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. பேக்கரி ஒன்றில் பிஸ்கெட்டை டப்பாவில் அடுக்குகிற வேலை. அந்தச் சம்பளம் மருந்துக்கே பத்தாது. கார் வாசலில் தூசி படிந்து நின்றது. விற்றுவிடலாம் என்று நான்கூடச் சொன்னேன். அண்ணி போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டு வந்தார். அந்த வயதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பையன்களோடு பையனாக.

லைசென்ஸ் கையில் வந்ததும் முதல்முறையாக அண்ணனின் காரை எடுத்தார். அன்று அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை; நான் அவசரத் தையலில் மாட்டிக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அவரையும் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டைப் போட்டு இழுத்துக்கட்டிக்கொண்டு கிளம்பினார். சந்தைப் பக்கம் நெரிசலில் வண்டி நகரவில்லை. அப்போது அண்ணன் இடது கையை ஓங்கி டேஷ்போர்டில் ஒரு அடி அடித்தார். அண்ணி பயந்து அவரைப் பார்த்தார். அண்ணன் சுவிட்சைப் பார்த்தார். அண்ணிக்குச் சுவிட்சு இருந்ததே மறந்துபோயிருந்தது. போட்டார். ஃபேன் இரைந்தது. கொஞ்ச நேரத்தில், சூடு இறங்கிவிட்டது என்று அண்ணன் தலையை ஆட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து அண்ணி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மனுஷன் முழிச்சுக்கிட்டாரும்மா. இத்தனை நாள் தூங்கிட்டு இருந்த மாதிரி என்னைப் பார்த்தார்."

அதிலிருந்து அது ஒரு ஏற்பாடாகவே ஆகிவிட்டது. ஒரு தட்டு தட்டினால் ஃபேனைப் போடு. இரண்டு தட்டு தட்டினால் வண்டியை நிறுத்து, தண்ணீரைப் பார். அண்ணி பேக்கரி வேலையை விட்டார். காலையில் நர்சுகளை ஷிஃப்டுக்குக் கொண்டுபோய் விடுவது, பகலில் யார் கூப்பிட்டாலும் போவது என்று வண்டி ஓட ஆரம்பித்தது. அண்ணன் விடிந்ததும் தானே எழுந்து, ஒரே கையால் சட்டைப் பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் தயாராக உட்கார்ந்திருப்பார். பட்டன் போட நான் உதவிக்குப் போனால் முறைப்பார். அவருக்கு வேலை இருந்தது. அதற்குப் பிறகு முன் சீட்டு வாடகையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

நாங்கள் வண்டி விடுகிற ஒர்க்ஷாப்காரருக்கு இதோ என்று பட்டப்பெயர். எப்போது போய்க் கேட்டாலும் "இதோ முடிஞ்சிடும்" என்பதால் வந்தது. நல்ல மனிதர், கொஞ்சம் அதிகமாகவே நல்லவர். அந்தச் செத்த முள்ளை மாற்றிவிடலாம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அண்ணி, "அது கெடக்கட்டும்" என்று தட்டிக்கழித்துவிடுவார். செலவுக்குப் பயந்துதான் சொல்கிறார் என்று அந்த ஆள் நினைத்துக்கொண்டார். ஒரு முறை ரேடியேட்டரின் ரப்பர் குழாயை மாற்ற வண்டியை விட்டபோது, கேட்காமல் கொள்ளாமல் முள்ளையும் சரி செய்து வைத்துவிட்டார்.

"அக்கா, அந்தச் சூட்டு முள்ளை உசுப்பிட்டேன். காசு வேணாம், என் கணக்குல வச்சுக்கோங்க. இனிமே சார் பாவம், காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேணாம் பாருங்க."

அந்தச் சார் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். இதோ சாவியைத் திருப்பிக் காட்ட, முள் மெல்ல எழுந்து நடுவில் நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தார். அண்ணி சிரித்து, நன்றி சொல்லி, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஏறி வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பாவி, அவர் கண்ணு முன்னாடியே வச்சுக் காட்டிட்டான். இப்ப கழட்டவும் முடியாது, உடைக்கவும் முடியாது. என்ன செய்வேன்?"

அண்ணி செய்தது இதுதான். முள் இருப்பதையே தெரியாதவர் போல ஓட்டினார். அது ஏறுவதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே, அண்ணன் தட்டுகிறவரை சுவிட்சைத் தொடமாட்டார். அண்ணன் தட்டியதும், "அட ஆமாங்க" என்று போடுவார். அண்ணனும் முன்பு போலவே தட்டினார். முள்ளைப் பார்த்துத் தட்டினாரா, காதால் கேட்டுத் தட்டினாரா, மனைவி நடிக்கிறாள் என்று தெரிந்தே தட்டினாரா, எங்களுக்குத் தெரியாது. ஆனால் காலையில் சட்டைப் பட்டன் தவறாமல் போட்டிருந்தது. அண்ணிக்கு அது போதும்.

வண்டி நடுவழியில் நின்றுபோன நாளில் நானும் அதில் இருந்தேன். தைத்து முடித்த சீருடை மூட்டையை ஆஸ்பத்திரியில் ஒப்படைக்கப் போனேன். பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் இரண்டு நர்சுகள். அதில் மூத்தவர், கண்ணாடி போட்ட சிஸ்டர், வழி நெடுக வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று நேரம் போய்விட்டிருந்தது. அண்ணிக்கும் பதற்றம். லேட் ஆனால் அந்தக் காலைச் சவாரியே கைவிட்டுப் போய்விடும்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் ஒரு தட்டு தட்டினார். அண்ணி ஃபேனைப் போட்டார். உடனே இரண்டு தட்டு.

"என்னங்க?"

மறுபடியும் இரண்டு தட்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது போல ஒரு சத்தம் எனக்கே லேசாகக் கேட்டது. அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, இப்ப நிறுத்தாதீங்க. டியூட்டி சார்ஜ் எடுக்கிற நேரம் தாண்டிடுச்சு" என்றார் கண்ணாடி சிஸ்டர்.

அண்ணி முள்ளைப் பார்த்தார். அவர் அதை வெளிப்படையாக, கழுத்தைத் திருப்பிப் பார்த்தது அன்றுதான். முள் நடுவில் சமர்த்தாக நின்றது.

"முள்ளு சரியாத்தானேங்க இருக்கு. சும்மா இருங்க கொஞ்சம்."

சொன்ன அந்த நொடியே அண்ணியின் முதுகு விறைத்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். வாயிலிருந்து போனது போனதுதான். அண்ணன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை தட்டவில்லை.

பாலத்தின் ஏற்றத்தில் பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம், அப்புறம் வண்டி நின்றுவிட்டது. நர்சுகள் இறங்கி வேறு வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அண்ணி இறங்கவில்லை. "என்னங்க, என்னங்க" என்று அவர் கையைப் பிடித்தார். அண்ணன் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதோ வந்து கட்டி இழுத்துப்போய்ப் பிரித்துப் பார்த்தார். புதுக் குழாயின் மூட்டு நழுவித் தண்ணீர் முழுவதும் வழியிலேயே ஒழுகிப்போயிருந்தது. முள்ளுக்குச் சேதி சொல்கிற சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் சூட்டைச் சொல்லும். தண்ணீரே இல்லாமல் வெறும் காற்றில் நின்றதால், அது பழைய கதையையே சொல்லிக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறது. அண்ணனின் காதில் விழுந்தது தண்ணீர் வற்றுகிற சத்தம். இதோ தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அடித்து என்ன செய்ய? ஹெட் கேஸ்கெட் போய், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டும் வளைந்திருந்தது. அதை இறக்கி, கடைந்து, ஏற்றி, வண்டி திரும்பி வரப் பல நாள் ஆயிற்று.

வண்டி வந்தது. அண்ணன் வரவில்லை.

காலையில் சட்டை ஆணியிலேயே தொங்கியது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அண்ணி கெஞ்சினார். "தப்பு என் மேலதாங்க. இனிமே அந்த முள்ளைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டேன்." அசைவில்லை. சத்தம் போட்டார். அழுதார். முள்ளின் மேல் கறுப்புப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு வந்து சொன்னார். முதுகு திரும்பவில்லை. அண்ணன் சாப்பாட்டையும் பாதியில் நிறுத்த ஆரம்பித்தார். நான் என் பங்குக்குப் போய், "அண்ணா, பொண்டாட்டி ஒரு வார்த்தை சொல்லிட்டா இப்படியா? நீங்க வாழ்நாள் முழுக்க அவங்களைச் சொன்னதுக்கு அவங்க எத்தனை தடவை படுத்திருக்கணும்?" என்று கேட்டேன். எனக்கும் பதில் முதுகுதான்.

அண்ணி தனியாக ஓட்டினார். முன் சீட்டில் இப்போது வாடகைக்கு ஆட்கள் உட்கார்ந்தார்கள். அதற்காக யாரும் வீட்டில் சந்தோஷப்படவில்லை. இந்தத் தடவை படுத்த அண்ணன் இனி எழுந்திருக்கமாட்டார் என்று அண்ணிக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் மத்தியானம் நான் மாடியில் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். கீழே வாசலில், அண்ணனின் அறை ஜன்னலை ஒட்டினாற்போல, கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எங்கேயோ கிளம்புகிறார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தத்தில் ஏதோ கரகரப்பு சேர்ந்தது. காதே இல்லாத எனக்குக்கூடத் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணி ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஃபேன் சத்தம் இல்லை.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணி! ஃபேனைப் போடுங்க!"

அவர் திரும்பவில்லை. பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்திருந்தார். முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியே கையை விட்டுச் சுவிட்சைப் போடப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கையை எடு."

"பைத்தியமா உங்களுக்கு? இப்பதான் ஹெட்டை இறக்கி ஏத்தியிருக்கு. இன்னொரு தடவை போச்சுன்னா வண்டியை எடைக்குத்தான் போடணும்."

"போகட்டும்."

"அப்புறம் சோத்துக்கு என்ன பண்றது?"

"சத்தம் போடாதே. அவருக்குக் கேக்குது. எனக்குத் தெரியும், கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார்."

பானட்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ கசிய ஆரம்பித்தது. ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கிற இனிப்பான, தீய்ந்த வாடை வந்தது. நான் அறை ஜன்னலைப் பார்த்தேன். முதுகு அப்படியே இருந்தது. கத்தி ஊரைக் கூட்டலாமா, சாவியைப் பிடுங்கலாமா என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. சாவியைப் பிடுங்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம். அண்ணி முகத்தில் அப்படி ஒரு பிடிவாதம்.

கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு தரையில் ஊன்றுகோலின் சத்தம். பிறகு அது கீழே விழுந்த சத்தம். அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். பனியனோடு, செருப்பில்லாமல், சுவரைப் பிடித்து, வாசல் படியை யாரும் பிடிக்காமல் இறங்கினார். நான் தாங்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போய், கொதிக்கிற பானட்டின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். ஒன்று. இரண்டு.

அண்ணி அந்தக் கணமே சாவியைத் திருப்பினார். இன்ஜின் அணைந்தது. இரும்பு மட்டும் உள்ளே டிக் டிக்கென்று சொடுக்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் காரைப் பிடித்தபடியே சுற்றி வந்து முன் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். செத்த காலை இடது கையால் தூக்கி உள்ளே வைத்தார். குறுக்கே எட்டி, தானே ஃபேன் சுவிட்சைப் போட்டார். அது இரைய ஆரம்பித்ததும் அண்ணியை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், பழைய அண்ணன் அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஃபேன் போட மறந்துட்டேங்க" என்றார் அண்ணி. பச்சைப் பொய்.

"அதான்!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டேன். அதில் ஒரு மணி நேரத் திட்டு முழுவதும் இருந்தது. சொல்லிவிட்டுக் கதவைப் படாரென்று இழுத்துச் சாத்தினார்.

"மெதுவா சாத்துங்க!" அண்ணியும் தெருவே கேட்கக் கத்தினார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, குரலில் மட்டும் அழுகை இல்லை. "அதென்ன உங்க மாமியார் வீட்டுக் கதவா?"

நான் வாசலில் அவருடைய ஊன்றுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். "என்ன நிக்கிறே? அவர் கைக்குத் தண்ணி கொண்டா. வண்டிக்கும் ஒரு குடம் எடுத்து வை, ஆறினதும் ஊத்தணும்" என்று அண்ணி என்னை விரட்டினார்.

அந்த முறை இன்ஜின் தப்பியது. இதோ வந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனின் உள்ளங்கையில் கொப்புளம் வந்து ஆறியது. மறுநாளிலிருந்து சட்டைப் பட்டன் பழையபடி போட்டிருந்தது. முன் சீட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

எனக்குத்தான் மனது ஆறவில்லை. அண்ணி காரைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், அண்ணன் காதில் விழாத தூரத்தில் நின்று கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு அவர் எந்திரிச்சு வராம இருந்திருந்தா என்ன அண்ணி செஞ்சிருப்பீங்க? கடைசியில அணைச்சிருப்பீங்கதானே?"

அண்ணி துணியைப் பக்கெட்டில் நனைத்தார், பிழிந்தார்.

"அணைச்சிருக்கமாட்டேன்" என்றார்.